மணிக்கூடு மெய் சொல்கிறதா?

உயர்தர வகுப்பு மாணவர்க்கு ஒருநாட் பிற்பகல் பௌதிகவியற் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பூமி தன்னைத்தானே சுற்றும் வேகம் சிறிது சிறிதாகக் குறைந்து வருகின்றது என்றும், நூறு ஆண்டு கழிந்தால் ஒரு நாளின் நீளம் ஒரு செக்கனின் ஆயிரத்திலிரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு கூடியிருக்கும் என்றும் கூறினேன். கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

“சேர், நாளை இருபத்துநாலாய்ப் பிரிச்சுத்தானே மணித்தியாலம் வந்தது? அந்த நாளே நீளுதெண்டால், அதை எந்த மணிக்கூட்டை வைச்சுப் பிடிச்சவை?”

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே வசனத்தை ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன். இக்கேள்வி ஒருமுறையேனும் என் மனத்தில் எழுந்ததில்லை. ‘அணு மணிக்கூட்டை வைத்து’ என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அடுத்து அவன் என்ன கேட்பான் என்பது உடனே தெரிந்துவிட்டது. அணு மணிக்கூடு சரியென்பதை எதை வைத்துக் கண்டார்கள்? நல்லவேளையாகப் பாடம் முடிந்த மணி அடித்தது. அம்மணியை அடித்தவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து அடித்தார். அக்கடிகாரத்தை அவர் எதைப் பார்த்துத் திருத்தினாரோ, யாரறிவார்!

அன்று தப்பித்துக்கொண்ட நான், வீட்டிற்கு வந்து பழைய புத்தகங்களைப் புரட்டிச் சிந்தித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளல் வேண்டும். மணிக்கூடு காட்டும் நேரம் ஒன்று. மணிக்கூட்டின் நடை மற்றொன்று. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை எமது தலைமுறையினர் பாடநூலிற் படித்தறியவில்லை, பட்டறிந்தோம்.

1996 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆந் திகதி இலங்கையின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்தமையால், மாலை வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்திக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது. அதே ஆண்டு ஒக்ரோபர் 26 இல் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தனர். பல ஆண்டுகளாக மின்விளக்கையே காணாத எம்மூரவருக்கும் மின்சாரச் சிக்கனத்தின் பொருட்டு நேரம் மாறியது ஒரு வேடிக்கைதான். தென்மராட்சி அப்போது அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. கிளாலிக் கடல்நீரேரிக்கு அப்பால், வன்னியில், பழைய நேரமே வழங்கிற்று. என் மாமி குடும்பத்தினர் இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தனர். இக்கரையில் எட்டு மணி, அக்கரையில் ஏழு. அங்கிருந்து வரும் கடிதங்களில் எந்த நேரத்தைக் குறிப்பிட்டாலும் பக்கத்திலே ‘பழைய நேரம்’ என்று மாமி எழுதிவிடுவார்.

என் அப்பப்பா புகையிரதப் பகுதியிற் பணியாற்றி இளைப்பாறியவர். அவர் வீட்டுச் சுவரில், திறப்பால் முறுக்கும் ஊசல் மணிக்கூடு ஒன்று தொங்கிற்று. வடக்கிற்குப் பற்றரி கொண்டுவருதல் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில் கைக்கடிகாரங்கள் ஒவ்வொன்றாய் நின்றுபோக, அயலெல்லாம் அந்த ஊசலை நம்பியே நடந்தது. இரவில் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலியை இயக்குவோம், பி.பி.சி. தமிழோசை தொடங்கும் கணத்தில் அப்பப்பா முள்ளைப் பார்த்துத் தலையசைப்பார். நேரமாற்றம் அவருக்குப் புதிதன்று. உலக யுத்த காலத்தில், 1942 ஜனவரியில் அரை மணித்தியாலமும் செப்ரெம்பரில் இன்னோர் அரை மணித்தியாலமும் கூட்டப்பட்டு, 1945 ஒக்ரோபரில் பழையபடி ஆனதை அவர் இளைஞராய்க் கண்டிருந்தார். ஆகவே 1996 இல் முள்ளை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு, “நேரத்தை அரசாங்கம் மாத்தலாம் மோனை; நடையை மாத்தேலாது” என்றார்.

2006 ஏப்ரல் 15 இல், சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், நாடு முழுவதும் மீண்டும் ஐந்தரை மணிக் கணக்கிற்குத் திரும்பியது. அப்பப்பா அப்போது இல்லை. மணிக்கூடும் இல்லை. 2000 ஆம் ஆண்டில் ஊரைவிட்டு ஓடியபோது அதைச் சுவரிலே விட்டுச் சென்றோம். திரும்பி வந்தபோது சுவரே இருக்கவில்லை.

காட்டும் நேரம் மனிதர் கூடி வைத்துக்கொள்ளும் ஒழுங்கு. பௌதிகம் கேட்பது நடையைப் பற்றி. நடை சரியென்பதை எவ்வாறு அறிவது?

அப்பப்பாவின் மணிக்கூடு கோடையிற் பிந்தும். வெப்பத்தால் ஊசற் கம்பி நீள, வீச்சு மந்தமாகும். உருக்குக் கம்பியாயின், வெப்பம் பத்துப் பாகை சதமளவை ஏறினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 செக்கன் பிந்தும்; பித்தளையாயின் 8 செக்கன். ஊசலின் அடியிலுள்ள சிறு திருகாணியைக் கோடையில் ஏற்றியும் மாரியில் இறக்கியும் அவர் ஈடுசெய்வார். இடம் மாறினாலும் நடை மாறும். 1672 இல் பிரான்சிலிருந்து தென்னமெரிக்காவின் கயேன் நகருக்குச் சென்ற ரிச்சர் என்னும் வானியலறிஞர், பாரிஸில் சரியாக நடந்த தம் ஊசல் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்துவதைக் கண்டார். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ஈர்ப்பு விசை சற்றுக் குறைவதே காரணமென்று நியூற்றன் விளக்கினார். எமக்கு அண்மையில், சென்னை வானாய்வு நிலையத்தில், ஜோன் கோல்டிங்காம் என்பவர் 1821 இல் இதை நுட்பமாக அளந்தார். வீச்சொன்றுக்கு ஒரு செக்கன் எடுக்கும் ஊசல், இலண்டனில் இருக்கவேண்டிய நீளத்திலும் பார்க்கச் சென்னையில் ஓரங்குலத்தின் பத்திலொரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தது. இலண்டனில் திருத்திய ஊசல் மணிக்கூட்டைத் திருகாணியைத் தொடாமற் சாவகச்சேரிக்குக் கொண்டுவந்து மாட்டினால், நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்திற்கு மேற் பிந்திவிடும்.

பிந்தும் என்கிறோம். எதற்குப் பிந்தும்?

சூரியனுக்கு என்று சொல்லத் தோன்றும். எம் முன்னோரும் அவ்வாறே கொண்டனர். நாளை அறுபது நாழிகையாக்கி, நாழிகை வட்டிலால் அளந்தார்கள். பாசறையில் அரசனுக்கு நாழிகை அறிவிப்போரை முல்லைப்பாட்டுப் புலவர் பொய் சொல்லாதவரென்று சிறப்பிக்கின்றார். ஆயினும் வட்டிலின் நீர் வெயிலிற் சூடேறினால் விரைந்து ஓடும், குளிரில் தயங்கும், துவாரத்தில் அழுக்குச் சேர்ந்தால் இன்னுந் தயங்கும். காலையில் எழும் சூரியனே வட்டிலைத் திருத்தினான். அச்சூரியனைத் திருத்துவார் யார்?

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை. முற்றத்தில் ஒரு கம்பைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழல் மிகக் குறுகி நேர் வடக்காகவோ தெற்காகவோ விழும் கணத்தைக் குறித்து வாருங்கள். (சித்திரைப் புத்தாண்டையொட்டிய சில நாள்களில் இது முடியாது. சூரியன் உச்சிக்கு நேரே வர, நிழல் காலடியில் மறைந்துவிடும்.) சாவகச்சேரியின் நெட்டாங்கு கிழக்கு 80 பாகை 10 கலை, எமது நியம நேரமோ 82½ பாகைக்குரியது. ஆகவே இங்கு நண்பகல் சராசரியாக 12 மணி 9 நிமிடத்திற்கு வரும். சென்னையும் எம்மூரும் ஏறக்குறைய ஒரே நெட்டாங்கில் இருப்பதால், 1906 க்கு முன் இந்தியப் புகையிரதங்கள் ஓடிய ‘சென்னை நேரம்’ எம்மூர்ச் சூரியக் கணக்கிலிருந்து அரை நிமிடங்கூட வேறுபட்டதன்று. இது இடையில் வந்த செய்தி. நிழலுக்கு வருவோம். பெப்ரவரி நடுப்பகுதியில் நிழல் குறுகுவது 12.23 அளவில். நவம்பர்த் தொடக்கத்தில் 11.53 இலேயே குறுகிவிடும். அரை மணித்தியால வேறுபாடு!

இங்கே சூரியனா பிழை, மணிக்கூடா பிழை? எம் மாணவர் பெரும்பாலோர் மணிக்கூட்டைத்தான் குற்றஞ் சொல்வர். சூரியனைக் குற்றஞ் சொல்ல மனம் வருவதில்லை. ஆனால் சாட்சிகளை வரிசையாக அழைத்துப் பாருங்கள். நல்ல ஊசல் ஒன்று சொல்கிறது; சுருள்வில் மணிக்கூடு சொல்கிறது; இரவில் ஒரே விண்மீன் ஒரே கூரை முகட்டைக் கடக்கும் இடைவேளை சொல்கிறது. இவை மூன்றும் தம்முள் ஒத்துப்போகின்றன. சூரியன் மட்டும் ஆண்டில் ஒருகாலம் முந்தியும் ஒருகாலம் பிந்தியும் வருகின்றது. பூமியின் பாதை நீள்வட்டமாயிருப்பதும் அதன் அச்சுச் சாய்ந்திருப்பதும் காரணங்கள் என்பது பின்னர் விளங்குகின்றது. மணிக்கூட்டைக் காலத்தோடு நேரே வைத்து ஒப்பிட எவராலும் முடியாது. ஒரு மணிக்கூட்டை இன்னொரு மணிக்கூட்டோடுதான் ஒப்பிடலாம். அச்சாட்சிகள் ஒன்றையொன்று சாராதனவாயிருத்தல் வேண்டும். ஒரே தொழிற்சாலையிற் செய்த நூறு மணிக்கூடுகள் ஒன்றுபட்டுச் சொன்னால், அது நூறு சாட்சியன்று, ஒரு சாட்சியே.

விண்மீன்களின் சாட்சியம் உண்மையில் பூமியின் சுழற்சியே. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதுவே எல்லா மணிக்கூடுகளுக்கும் மேலான மணிக்கூடாக இருந்தது. அதன்மேல் ஐயம் எழுந்தது கிரகணங்களால்.

கிரகணத்தை நடுவராக்கும் வழக்கம் எம்மவர்க்கும் தெரிந்ததுதான். 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணம் யாழ்ப்பாணத்தில் ஒரு பெருவிவாதத்திற்கு இடமாயிற்று. அராலி விசுவநாத சாத்திரியார் தம் பஞ்சாங்கத்திற் கணித்த தொடக்கமும் அளவும் நீட்சியும் ஒருபுறம். வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவர் தானியேல் பூர் ஐரோப்பியக் கணக்கைக் கொண்டு கூறியவை மறுபுறம். அன்றிரவு வானத்தைப் பார்த்தவர்கள் பின்னதே பொருந்தக் கண்டனர். அவ்விவாதத்தில் மதமும் கலந்திருந்தது. அது எமக்கு இங்கு வேண்டியதன்று. இருதரப்பாரும் வானத்தையே நீதிபதியாய் ஏற்றனர் என்பதைக் கவனித்தாற் போதும். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரு பஞ்சாங்கங்களும் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை இன்றும் வெவ்வேறாய்த் தர, எந்த நேரத்தில் மருத்துநீர் வைப்பது என்று எங்கள் வீட்டிலே ஆண்டுதோறும் ஒரு வழக்கு நடக்கும். அதில் என் பௌதிகம் ஒருபோதும் வென்றதில்லை.

கி.மு. 136 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 இல் பாபிலோன் நகரில் முழுச் சூரிய கிரகணம் தோன்றியதைக் களிமண் பலகையொன்று குறித்து வைத்திருக்கின்றது. அன்று தொட்டு இன்றுவரை பூமி ஒரே வேகத்திற் சுழன்றிருக்குமாயின், அந்நிழல் பாபிலோனில் விழுந்திருக்க முடியாது. மேற்கே ஏறத்தாழ 49 பாகை தள்ளி, இசுப்பானியாவை அடுத்த கடலில் விழுந்திருக்கும். மூன்றேகால் மணித்தியாலக் கணக்கு எங்கோ பிசகியிருக்கின்றது. நாளொன்றுக்கு ஆயிரத்திலொரு செக்கன் என்றாலும், இரண்டாயிரம் ஆண்டில் எத்தனை நாள்!

இவ்விடத்தில் என் மாணவன் எழுந்து, “பூமி பிசகியதோ, சந்திரன் பிசகியதோ?” என்று கேட்டால் அது நியாயமான கேள்வியே. நெடுங்காலம் வானியலாளர் சந்திரனையே ஐயுற்றனர். அது கணக்குக்கு முந்தியும் பிந்தியும் ஓடிற்று, காரணம் தெரியவில்லை.

ஒரு கதையாகச் சொல்கிறேன். சாவகச்சேரியிலிருந்து கொடிகாமத்திற்கு ஒருவர் நடந்து போகிறார். ஒருவர் சைக்கிளிற் போகிறார். ஒருவர் பஸ்ஸிற் போகிறார். மூவரின் பயணத்தையும் ஒரே கைக்கடிகாரத்தால் அளக்கிறீர்கள். ஒருநாள் நடப்பவர் தம் வழக்கமான வேகத்தினும் நூற்றிலொரு பங்கு விரைந்து போனதாகக் கடிகாரம் காட்டுகின்றது. சைக்கிள்காரரும் தம் வேகத்தில் நூற்றிலொரு பங்கு விரைவு; பஸ்ஸும் அவ்வாறே. கால்நடைக்கும் சங்கிலிக்கும் இயந்திரத்திற்கும் என்ன சம்பந்தம்? மூவரும் பேசிவைத்துக்கொண்டனர் என்பதிலும், கையிலுள்ள கடிகாரம் நூற்றிலொரு பங்கு மெல்ல நடக்கின்றது என்பதே நம்பத்தக்கது.

இங்கிலாந்தின் அரச வானியலாளராயிருந்த ஹரல்ட் ஸ்பென்சர் ஜோன்ஸ் 1939 இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் சாரம் இதுவே. சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன் ஆகியவற்றைப் பல தலைமுறையினர் அவதானித்த குறிப்புக்களை அவர் ஒருங்கு வைத்துப் பார்த்தார். சந்திரன் வானத்திற் செல்லும் வேகம் சூரியன் செல்வதாகத் தோன்றும் வேகத்தைப்போற் பதின்மூன்று மடங்குக்கு மேல்; புதன் தன் பாதையிற் செல்வது நான்கு மடங்குக்கு மேல். அவை கணக்கிலிருந்து விலகிய விலகல்களின் ஏற்ற இறக்கமும் அதே விகிதத்தில் இருந்தது. சந்திரனும் கோள்களும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. பூமி என்ற மணிக்கூடே நடை பிசகிற்று.

மாணவனின் கேள்விக்கு விடை இதுதான். நாள் நீள்கின்றது என்பதைக் காட்டிய மணிக்கூடு சந்திரனும் கோள்களும், அணுவன்று. இதற்குள் ஒரு பெரிய நியாயம் அடங்கியிருக்கின்றது. பூமியைச் சரியான மணிக்கூடென்று பிடிவாதமாய்க் கொள்ளலாம். ஒருவரும் தடுக்க முடியாது. அவ்வாறு கொண்டால், எங்கோ உள்ள புதன், பூமியின் கடலில் வற்றுப்பெருக்கு உராய்வதற்கு ஏற்பத் தன் ஓட்டத்தை மாற்றிக்கொள்கிறது என்று சொல்லவேண்டி வரும். இயக்க விதிகள் யாவும் கோணலாகிவிடும். எந்தக் காலக்கணக்கை எடுத்தால் இயற்கையின் விதிகள் எளிமையாய் நிற்கின்றனவோ அதையே சரியான காலமென்று கொள்கிறோம் என்று பிரெஞ்சுக் கணித மேதை புவாங்காரே 1898 இலேயே எடுத்துக் காட்டினார். அவர் சொன்னபோது அது தத்துவமாக இருந்தது. நாற்பது ஆண்டுகளில் வானியலாளரின் அன்றாட வேலையாயிற்று.

1960 இல் செக்கனின் வரைவிலக்கணம் பூமியின் சுழற்சியிலிருந்து எடுக்கப்பட்டு, சூரியனைச் சுற்றும் ஓட்டத்தின்மேல் வைக்கப்பட்டது. அதற்குள் 1955 இல் இலண்டனுக்கு அருகேயுள்ள ரெடிங்டனில் எசன், பரி என்னும் இருவர் முதலாவது நம்பத்தக்க சீசியம் அணு மணிக்கூட்டை இயக்கியிருந்தனர். சீசியம் அணு உமிழும் அலையின் அதிர்வு செக்கனுக்கு எத்தனை? மூன்றாண்டுகள் சந்திரனை அவதானித்து அவ்வெண்ணைப் பெற்றனர்: 919 கோடியே 26 இலட்சத்து 31 ஆயிரத்து 770. 1967 இல் அதுவே செக்கனின் வரைவிலக்கணமாயிற்று. ஆகவே அணுவுக்கு அதன் எண்ணைக் கொடுத்தது சந்திரன்! அணுவின் மேன்மை வேறு. ஊசல்கள் இரண்டு முற்றாக ஒன்றுபோலிரா. சீசியம் அணுக்களோ எங்கிருந்தாலும் ஒன்றேபோல்வன. அவை தேய்வதில்லை, அழுக்கடைவதில்லை. ஐதரசன் அணுவைக் கொண்டு செய்த மணிக்கூடும் உருபீடியம் மணிக்கூடும் அதனோடு ஒத்துநடக்கின்றன.

அத்தகைய மணிக்கூட்டின்முன் நிறுத்தியபோது பூமி எவ்வளவு தாறுமாறாய் நடக்கின்றது என்பது நன்கு தெரிந்தது. அதனோடு ஒத்துப்போகும் பொருட்டு 1972 முதல் 27 முறை உலக நேரத்தில் ஒரு செக்கன் கூட்டியிருக்கின்றனர். கடைசியாக 2016 டிசெம்பர் 31 இல். பின்னர் பூமி சற்றே விரைந்து, 2024 யூலை 5 ஆந் திகதி 24 மணித்தியாலத்திலும் செக்கனின் ஆயிரத்தில் 1.66 பங்கு குறைவாகவே சுழன்று முடித்தது. இனி இத்தொல்லை வேண்டாமென்று, இவ்வழக்கத்தை 2035 அளவில் நிறுத்த 2022 இல் உலக நாடுகள் தீர்மானித்தன.

உலகின் நேரம் எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டியில் உள்ள ஒரே தலைமை மணிக்கூட்டில் இருக்கின்றதென்று பலர் எண்ணுகின்றனர். நானும் எண்ணியிருந்தேன். அப்படி ஒன்று இல்லை. பல நாட்டு ஆய்வுகூடங்களிலுள்ள நானூறுக்கு மேற்பட்ட அணு மணிக்கூடுகளின் கணக்குகளைப் பாரிஸுக்கு அருகேயுள்ள சர்வதேச நிறை அளவைப் பணியகம் ஒப்பிட்டு, நன்றாய் நடப்பனவற்றிற்கு அதிக மதிப்பளித்துச் சராசரி எடுக்கின்றது. முடிவு வெளிவருவது அடுத்த மாதத்தில்! இந்த நிமிடம் மிகச் சரியாக என்ன நேரம் என்பது அடுத்த மாதமே தெரியும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். எமது நாட்டின் அதியுயர் சிகரமாகிய பிதுருதலாகல 2,524 மீற்றர் உயரம். ஓர் ஊசல் மணிக்கூட்டையும் ஓர் அணு மணிக்கூட்டையும் சாவகச்சேரியிற் சேர்த்துத் திருத்தி அங்கே ஏற்றினோமென்று வைத்துக்கொள்வோம். உயரத்தில் ஈர்ப்புக் குறைவதால் ஊசல் நாளொன்றுக்குச் சில பத்துச் செக்கன்கள் பிந்தும். அணு மணிக்கூடோ பிந்தாது. நாளொன்றுக்கு ஒரு செக்கனின் நூறு கோடியில் 24 பங்கு முந்தும். ஒன்று பிந்துகிறது, மற்றது முந்துகிறது. இரண்டும் பிழையா?

ஊசல் பிந்துவது ஊசலின் குணம். பூமியின் ஈர்ப்பு அதன் பொறியில் ஓருறுப்பு. உறுப்புத் தளர்ந்தால் நடை தளரும். பக்கத்தில் ஒரு சுருள்வில் கைக்கடிகாரம் இருந்தால் அது அவ்வாறு பிந்தாது. சாட்சிகள் பிரிந்துவிடுகின்றன, ஆகவே அது குறை. அணு மணிக்கூட்டின் முந்தலோ அவ்வாறன்று. சீசியம், ஐதரசன், உருபீடியம் எல்லாம் அதே அளவு முந்தும். எந்தப் பொறியைக் கொண்டுபோனாலும், மலையிற் குடியிருப்பவரின் நாடித்துடிப்பும் நரையும்கூட, அதே பங்கு முந்தும். எல்லாச் சாட்சிகளும் ஒன்றாய்ச் சொல்வதைக் குறையென்று சொல்ல வழியில்லை. மலையுச்சியில் காலமே அவ்வளவு விரைந்து செல்கின்றது என்று ஐன்ஸ்டைன் 1915 இல் முழுமையாக்கிய கொள்கை கூறும். 1971 இல் ஹஃபீலி, கீற்றிங் என்போர் சீசியம் மணிக்கூடுகளை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றினர். கிழக்கே சுற்றியவை நூறு கோடியில் 59 பங்கு செக்கன் பிந்தியும், மேற்கே சுற்றியவை 273 பங்கு முந்தியும் திரும்பின. கொள்கை எதிர்பார்த்த அளவோடு அவை ஒத்திருந்தன. எமது கைத்தொலைபேசிக்கு இடங்காட்டும் செய்மதிகளின் மணிக்கூடுகளிலும் இத்திருத்தம் செய்தேயாகவேண்டும். செய்யாவிடின் ஒரே நாளில் வழி கிலோமீற்றர்க் கணக்கிற் பிசகிவிடும்.

நியூற்றன் எண்ணியதுபோல் அண்டமெங்கும் ஒரே சீராய் ஓடும் காலத்தை எந்த மணிக்கூடும் அளப்பதில்லை. நல்ல மணிக்கூடு, தான் சென்ற வழியில் தனக்குக் கழிந்த காலத்தை அளக்கின்றது. இக்கரை மணிக்கூடும் அக்கரை மணிக்கூடும் பின்னர் ஓரிடத்திற் கூடி ஒப்பிட்டுப் பார்க்கலாம், அவ்வளவே.

மறுவாரம் இவற்றையெல்லாம் வகுப்பில் சொன்னேன். நடப்பவர், சைக்கிள், பஸ் கதை நன்றாக எடுபட்டது. அதே மாணவன் மீண்டும் எழுந்தான்.

“சேர், எல்லா மணிக்கூடும், சந்திரனும், அணுவும், எங்கடை நெஞ்சுத் துடிப்பும் எல்லாம் ஒண்டாய்ப் பிந்தினால்?”

“எதற்குப் பிந்தினால்?” என்று கேட்டேன்.

சிறிது நேரம் யோசித்துக்கொண்டு நின்றான். பிறகு, “அப்ப அது பிந்தினதில்லை, சேர்” என்று சொல்லி இருந்துவிட்டான். அன்று மணியடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.